இடிந்த சுவரா, இடித்த சுவரா?

சில மாதங்களுக்கு முன்னர், பாடசாலை மாணவர்களின் புகைப்படக் கண்காட்சி ஒன்றுக்கு நடுவர் மூவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். தமிழாசிரியனுக்குப் புகைப்படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பது நியாயமே. படங்களின் தலைப்புகளில் உள்ள ஒற்றுப்பிழைகளைத் திருத்துவதற்காகவே என்னை அழைத்திருந்தனர் என்பதை அங்கே போன பின்னர்தான் உணர்ந்தேன். வந்திருந்த படங்களில் பாதிக்கு மேற்பட்டவை இடிபாடுகள். கூரையிழந்த மண்டபம், வேர் பிளந்த சுவர், துருவேறிய இரும்பு, கதவற்ற வாயிலினூடே விழும் மாலை வெயில். ஒவ்வொன்றின் கீழும் 'மௌனத்தின் மொழி', 'காலத்தின் காலடி' என்றிவ்வாறான தலைப்புகள்.

முதற்பரிசு பெற்ற படம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைப் பற்றியது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வீதியோரத்தில் நின்று எடுத்திருந்தான். சாம்பல் நிறச் சுவரொன்று, அதைப் பிளந்துகொண்டு தழைத்து நிற்கும் ஓர் அரசமரம், பின்னால் செவ்வானம். 'காலம் வரைந்த ஓவியம்' என்பது தலைப்பு. ஒற்றுப்பிழை இல்லை. நானும் மனமுவந்து முதலிடம் கொடுத்தேன்.

பரிசளிப்பு முடிந்தபின் அப்படத்தின் முன் ஒரு முதியவர் நெடுநேரம் நின்றார். மாணவனின் அம்மப்பா என்று அறிந்தேன். அருகே சென்றதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாஸ்ரர், படம் வடிவாத்தான் இருக்கு. ஆனா உந்த மரம் தொண்ணூறாம் ஆண்டிலை அதிலை இல்லை. நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டு எத்தினை வருசமோ, அதுக்கும் அத்தினை வயசுதான் இருக்கும்." பிறகு சுவரின் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார்: "உதிலைதான் சம்பளத்துக்கு வரிசையிலை நிண்டனாங்கள்."

அவர் குரலில் கோபம் இல்லை. குறை கூறும் நோக்கமும் இல்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பதினைந்து ஆண்டுகள் தம் பாட்டனார் உழைத்த இடம் அது என்பது அந்த மாணவனுக்குத் தெரியும். நடுவர்களாகிய எங்களுக்குத் தெரியாது. படத்திலும் அது தெரியவில்லை. தெரியாமல் இருந்ததனால்தான் எங்களுக்கு அது அத்தனை அழகாகத் தோன்றிற்றோ? இக் கேள்வியே இக் கட்டுரைக்குக் காரணம்.

இடிபாடுகளில் அழகு காண்பது இன்று நேற்றுத் தோன்றிய மோகமன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிரான்சிலே ஊபேர் ரோபேர் என்னும் ஓவியர் இடிபாடுகளை வரைந்தே புகழ் பெற்றார். 1767 ஆம் ஆண்டின் ஓவியக் கண்காட்சியில் அவர் படங்களைக் கண்ட திதெரோ, அழிவின் முன்னே மனிதனுக்கு உண்டாகும் இனிய துயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். 1796 இல் அதே ரோபேர், நன்றாக நின்றுகொண்டிருந்த லூவர் அரண்மனையின் நெடுங்கூடத்தையே இடிந்துவிட்டதாகக் கற்பனை செய்து ஓர் ஓவியம் தீட்டினார். அழிவு அவ்வளவு சுவைமிக்க பொருளாகிவிட்டது!

நம் காலத்தில் இம் மோகத்தின் தலைநகராக அமைந்தது அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரம். மோட்டார் வாகனத் தொழிலின் தாயகமாகிய அந்நகரில் 1950 இல் ஏறத்தாழப் பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2010 இல் எஞ்சியோர் ஏழு இலட்சத்துச் சொச்சம். முதலாளிகள் ஆலைகளை வேற்றிடங்களுக்குப் பெயர்த்தனர்; வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர்; வரி கொடுப்பார் குறைந்தனர்; பள்ளிகளும் நூலகங்களும் பூட்டப்பட்டன. 1913 இல் திறந்து 1988 இல் மூடப்பட்ட மிச்சிகன் மத்திய புகையிரத நிலையத்தின் உடைந்த சாளரங்களைத் தேடிப் படப்பிடிப்பாளர் உலகெங்குமிருந்தும் வந்தனர். மார்ஷான், மெஃப்ர் என்னும் பிரெஞ்சு இளைஞர் இருவர் 2010 இல் வெளியிட்ட பெருநூல் மிகுந்த புகழ் ஈட்டிற்று. படங்கள் கண்ணைப் பறிப்பவை. ஆனால் எஞ்சியிருந்த ஏழு இலட்சம் மக்களைப் பெரும்பாலான பக்கங்களில் காண்பதற்கில்லை. "நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்" என்று அந்நகரத்தார் சினந்து எழுந்ததில் வியப்பென்ன? அந்த நிலையத்தை 2018 இல் ஃபோர்ட் நிறுவனம் வாங்கிப் புதுக்கி, 2024 இல் திறந்தது. நகரை வளர்த்ததிலும் வாடவிட்டதிலும் பங்குள்ள அதே வாகனத் தொழிலே இடிபாட்டுக்கும் உரிமையாளர் ஆயிற்று என்பது வேறு கதை.

நம் மரபில் இதற்கு என்ன விடை உண்டு? சங்க இலக்கியத்தைப் படித்தவர்கள் அங்கே பாழ்நிலம் இருவகையாகப் பாடப்படுவதை அறிவார்கள். ஒன்று வென்றவனின் பாட்டு. பகைவர் நாட்டை எரியூட்டுதலும், அந்நிலத்தைக் கழுதை பூட்டி உழுதலும் மன்னனுக்குப் புகழாகப் பாடப்பட்டன. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் கரிகாலன் பாழாக்கிய ஊர்களை வருணிக்கும் பகுதி, சொல்வளத்தால் நம்மைக் கட்டிப்போடுவது. ஆனால் அங்கே அழிவின் அழகு வென்றவனுக்குச் சூட்டும் மாலை என்பதை மறத்தலாகாது.

மற்றையது கையறுநிலை. பாரி மாண்டபின் பறம்பைப் பிரிந்த கபிலரும் பாரி மகளிரும் பாடியவை இவ்வகையின. மலையும் நிலவும் அங்கேயும் அழகாகத்தான் இருக்கின்றன. எனினும் அம்மலை யாருடையது, அவனைச் சூழ்ந்து கொன்றோர் யார், அவனை இழந்தோர் யார் என்பன மறைக்கப்படவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் பறம்பைப் பாரியின் பறம்பு என்றே நாம் அறிகிறோம். வஞ்சிப் பாட்டுக்கும் கையறுநிலைக்கும் உள்ள வேற்றுமை அழகில் இல்லை. யார் பக்கம் நின்று பாடுகிறோம் என்பதில் இருக்கிறது.

மூன்றாவது வகையொன்றை நம் காலம் தோற்றுவித்துள்ளது. வென்றவனையும் காணோம், தோற்றவனையும் காணோம். அழிவு மட்டும் நிற்கிறது, மழையைப் போல, வெயிலைப் போல, தானாக நிகழ்ந்ததாக. இதை விளக்க நான் வகுப்பில் கற்பிக்கும் சிறு இலக்கணம் ஒன்றே போதும். சுவர் இடிந்தது என்பது தன்வினை. சுவரை இடித்தான் என்பது பிறவினை. சிதைந்தது, சிதைத்தான். எரிந்தது, எரித்தான். ஒரு மெய்யெழுத்தின் வேற்றுமையில் ஒரு குற்றவாளி மறைந்துகொள்ளலாம்! இடிபாட்டை வியந்து எடுக்கும் படங்கள் தன்வினை ஒன்றையே அறிந்தவை. எல்லாம் இடிந்தன, எல்லாம் சிதைந்தன. செய்தவன் எழுவாயாக வருவதற்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை. வினைமுதல் கிடைக்காதபோது காலத்தைப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைக்கிறோம். 'காலம் வரைந்த ஓவியம்!' காலம் எந்த ஊரையும் இடம்பெயர்த்ததில்லை, நண்பர்களே.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைத்துப் பாருங்கள். 1959 இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அந்நூலகம், 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு தீக்கிரையாக்கப்பட்டது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பராயின. கரிந்த அம்மண்டபத்தின் படங்களைப் பார்த்து 'நூலகம் எரிந்தது' என்று எவரேனும் தலைப்பிட்டால் நாம் பொறுப்போமா? பொறுக்க மாட்டோம். ஏனெனில் எரித்தவர் எவர் என்பது நமக்குத் தெரியும். அரசின் சீருடைக்கும் அந்தத் தீக்கும் உள்ள உறவை ஊரே அறியும். எம். ஏ. நுஃமான் அவ்வாண்டிலே எழுதிய 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதை, கொலையுண்டவர் யார், கொன்றவர் யார், பிணத்தை எரிக்க விறகானவை எவை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அது பிறவினையில் எழுந்த கவிதை. அதனால் அதன் அழகு குறைந்துவிட்டதா?

நூலகத்துக்குக் காட்டும் இந்த நேர்மையை மற்றக் கட்டடங்களுக்கு நாம் காட்டுவதில்லை என்பதே என் குற்றச்சாட்டு. காங்கேசன்துறைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். சுதந்திரத்தின் பின் நாட்டில் எழுந்த முதல் அரச ஆலைகளுள் ஒன்று அது. 1950 ஆம் ஆண்டளவில் உற்பத்தி தொடங்கிற்று. வலிகாமம் வடக்கின் சுண்ணக்கல் சூளையில் வெந்து சீமெந்தாகி நாடெங்கும் சென்றது. தோட்டமும் மீன்பிடியும் அன்றி வேறு தொழிலறியாத ஊர்களில், மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளர் கூட்டம் உருவாயிற்று. 1990 இல் போர் மூண்டபோது ஆலை நின்றது. சுற்றுப்புற ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. உயர்பாதுகாப்பு வலயம் என்னும் பெயரில் நிலம் முட்கம்பிக்குள் போயிற்று. 2009 இல் போர் முடிந்த பின்னரும் காணிகள் துண்டுதுண்டாகவே விடப்பட்டன. இன்னும் முழுவதும் விடப்படவில்லை. நலன்புரி நிலையத்தில் பிறந்த பிள்ளை அங்கேயே வளர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்றதும் நம் கண்முன் நிகழ்ந்ததே. சுவரிலே அரசு முளைத்தது இயற்கையின் திருவிளையாடல் அன்று. முளைத்த கன்றைப் பிடுங்கி எறிய ஒரு தொழிலாளி அங்கே அனுமதிக்கப்படவில்லை. அதுதான் அந்த மரத்தின் வரலாறு.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். தொழிற்சாலைக்கு மிக அண்மையிலேதான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. 1968 இல் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் வேண்டிப் போராடியபோது கதவடைத்த கோயில் அது. கோயிலும் கிணறும் தேநீர்க்கடையும் மனிதனைச் சாதியால் பிரித்த காலத்தில், ஆலையின் சம்பளப் பதிவேடும் நூலகத்தின் வாசகர் அட்டையும் புகையிரதத்தின் மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டும் அப்பிரிவினையைச் சிறிதேனும் கரைக்கவல்ல பொது இடங்களாய் இருந்தன. சாதி அங்கே ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வரிசையில் நிற்கவேண்டிய கட்டாயம் அங்கே இருந்தது. போருக்குப் பின் கோயில்கள் கடல்கடந்த பணத்தால் புதுக் கோபுரங்களோடு எழுந்துவிட்டன. ஆலைப் புகைபோக்கிகள் எழவில்லை. இடிந்த கோயிலின் அழகை வியந்து எவரும் பரிசு வாங்குவதில்லை, கவனித்தீர்களா? அது இடிந்து கிடக்கக்கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. எது இடிந்து கிடந்தாலும் நமக்குப் பாதகமில்லையோ, அதுவே நம் கண்ணுக்கு அழகாகிறது!

இங்கே எதிர்வாதங்கள் எழும். முதலாவது: "இடிந்தவை எல்லாம் மக்கள் நிறுவனங்களா? கோட்டைக்கும் கச்சேரிக்கும் நாம் ஏன் அழவேண்டும்?" நியாயமான கேள்வி. யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது. 1658 இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டியது. கூலியில்லா ஊழியத்தின் வியர்வை ஊறிய கல் அது. 1706 இல் எழுந்த அதன் சிலுவைவடிவத் தேவாலயம் 1990 ஆம் ஆண்டின் முற்றுகைப் போரில் சிதைந்தது. அப்போரில் ஒரு பக்கம் மட்டும் சுடவில்லை. பழைய பூங்காவருகே கூரையிழந்து நின்ற பழைய கச்சேரியோ, வரியும் காணியும் வழக்குமாகக் குடியானவன் காலையிலிருந்து மாலைவரை வாசலிற் காத்துக் கிடந்த அலுவலகம். அவற்றுக்காக அழும்படி நான் கேட்கவில்லை. அழுகையும் ஒருவகை வியப்பாகிவிடக் கூடும். அவை யாருக்காக எழுந்தன, எதனால் வீழ்ந்தன என்பதைப் படம் மறைக்கலாகாது என்றே கேட்கிறேன். ஒடுக்குமுறையின் கட்டடம் என்றாலும் அதற்குரிய பிறவினையை அதற்குக் கொடுங்கள். மணமக்களை நிறுத்திப் படமெடுக்கப் பின்திரையாக மட்டும் அது பயன்படுமானால், ஊழியம் செய்தவனும் குண்டுபட்டவனும் ஒருங்கே மறைந்துபோகிறார்கள்.

இரண்டாவது வாதம் இன்னும் வலியது. "இடிபாட்டை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு சாட்சியம் அல்லவா? எல்லாவற்றையும் வெள்ளை பூசிப் புதுக்கினால் குற்றம் மறைந்துபோகாதா?" நூலகத்தைப் புதுக்கி 2003 இல் திறக்க முற்பட்டபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்ததை நாம் அறிவோம். எரித்தவரே வெள்ளை பூசுவதா என்ற ஆத்திரத்தில் உண்மை இருந்தது. ஆனால் இன்று அம்மண்டபத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள், அது கரிந்தபடியே நின்றிருக்கலாம் என்று சொல்லத் துணிவார்களா? 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. கூரையற்ற மேடையில் புல் வளர்ந்தது. அந்தப் புல்லைப் படமெடுத்தவர்கள் உண்டு. ஆனால் புகையிரதம் வந்தபோது எந்தத் தாயும் புல்லுக்காக வருந்தவில்லை. சாட்சியத்துக்குச் சுவர் வேண்டியதில்லை. பெயரும் திகதியும் வேண்டும். அவற்றைத் தாங்கவல்லது புகைப்படமே. அவ்வேலையை அது செய்ய மறுத்தால், சுவர் நின்றும் பயனில்லை.

மூன்றாவது: "கலைஞனைச் செய்தி நிருபனாக்குகிறீர்கள்" என்பார் சிலர். கலை கலைக்காகவே என்னும் பழைய கூக்குரலின் புதிய வடிவம் இது. ஒளியையும் நிழலையும் நான் வெறுக்கவில்லை. கமிலோ ஹோசே வெர்காரா என்னும் சிலி நாட்டுப் படப்பிடிப்பாளர் 1970 களிலிருந்து அமெரிக்க நகர்களின் ஏழைத் தெருக்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, அதே மூலையில் நின்று அதே கட்டடத்தை ஆண்டாண்டாக எடுத்தார். கடை தேவாலயமாவதும், தேவாலயம் வெற்றுநிலமாவதும் அவர் படவரிசையில் தெரிகின்றன. திகதிகளைச் சேர்த்தவுடன் படம் வரலாறாகிவிடுகிறது. அவருங்கூட 1995 இல் டெட்ரோயிட்டின் வெறுமையான வானளாவிகளை இடிபாட்டுப் பூங்காவாக விட்டுவைக்கலாம் என்று சொல்லி அந்நகர மக்களின் கண்டனத்துக்கு ஆளானார். தேர்ந்த கண்ணுக்கும் இந்த மயக்கம் வரும். ஆதலால்தான் விழிப்பு வேண்டும்.

கடலுக்கு அப்பால் தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவுப் புயலில் புகையிரதத்தோடு பயணிகள் மாண்ட ஊர். அங்கே புயல்தானே அழித்தது, தன்வினை பொருந்துமன்றோ என்று கேட்கலாம். புயல் ஓர் இரவில் முடிந்தது. வாழத் தகாத இடமென்று அரசு கைவிட்டது அதன்பின் நிகழ்ந்த செயல். அந்த மணலிலேயே குடிசை கட்டி மீன்பிடித்து வாழ்ந்த மக்களைத் தேவாலயச் சுவரின் படங்களில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கமாட்டார்கள். சட்டத்துக்குள் ஆள் வந்தால் தனிமை கெட்டுவிடும் என்று காத்திருந்து எடுத்தவை அவை.

காங்கேசன்துறை ஆலை மீண்டும் இயங்கவேண்டுமா என்பது எளிய வினா அன்று. குடாநாட்டின் உயிர் அதன் நிலத்தடி நீர். அந்நீரைத் தாங்குவது சுண்ணக்கல்லே. கல்லை மேலும் அகழ்ந்தால் கிணறுகள் உவர்நீராகும் என்னும் அச்சம் நியாயமானது. அந்நிலத்தில் வேறு தொழில் வரலாம். உரியவருக்கு நட்ட ஈடு வரலாம். இவை ஊரவர் கூடிப் பேசித் தீர்க்கவேண்டிய விடயங்கள். அந்தப் பேச்சுக்கு நல்ல படம் ஒரு தொடக்கமாகும். வியப்புக்குரிய படமோ அந்தப் பேச்சை முடித்துவைக்கிறது. அழகாய் முடிந்துபோன ஒன்றைப் பற்றி இனி என்ன பேச இருக்கிறது?

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் என் வேண்டுகோள் சிறியது. இடிபாட்டைப் படமெடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எடுத்தபின் நான்கு வரி எழுதுங்கள்: இது என்ன இடம், எவர் இங்கே உழைத்தனர், எந்த ஆண்டில் எவரால் நின்றது, இன்று நிலம் எவர் கையில் இருக்கிறது. நான்காவது வரிக்கு விடை தேடி அலையும்போதுதான் உண்மையான கல்வி தொடங்கும்.

அந்த மாணவனை மறுபடி சந்தித்தேன். பரிசைத் திருப்பித் தரவேண்டுமா என்று அஞ்சியபடி கேட்டான். "வேண்டாம் தம்பி, பரிசைத் தவறாகக் கொடுத்தவர்கள் நாங்கள், நீ எடுத்த படம் தவறில்லை, பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான்" என்றேன். சென்ற வாரம் அவன் அம்மப்பாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அதே வீதிக்குப் போய் வந்திருக்கிறான். புதிய படத்தில் வெளிச்சம் அவ்வளவு நன்றாக இல்லை. நண்பகல் வெயில், முதியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார், அவர் நீட்டிய விரலின் அப்பால் அந்தச் சுவரும் மரமும். கீழே பென்சிலால் நான்கு வரிகள். அவற்றில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. இம்முறை அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.